படலைக்கு வெளியே விசுக்கோத்தைத் திரும்பியும் பாராத நாய்

கேள்வி: 8 ஒக்டோபர் 2023

எங்கள் வீட்டில் எட்டு மாத ஊர் நாய் ஒன்று வளர்கிறது, ஆண். குசினி வாசலில் விசுக்கோத்தைக் காட்டி "இரு" என்றால் உடனே இருக்கிறது. "கை தா" என்றால் கையும் தருகிறது. படலையைத் தாண்டி ஒழுங்கைக்குப் போய்விட்டால், அதே விசுக்கோத்தை மூக்குக்கு நேரே நீட்டினாலும் பார்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது கேளாதது போல நடந்துகொண்டே இருக்கிறது. அடியாத மாடு படியாது என்கிறார் பக்கத்து வீட்டு ஐயா. கடையில் விற்கும் வெளிநாட்டு நாய்த் தின்பண்டப் பொதி ஒன்றை வாங்கினால் சரிவருமா? எதை வாங்குவது?
(கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்)

8 ஒக்டோபர் 2023, இரவு

பொதி இப்போதைக்கு வேண்டாம். உங்கள் நாய்க்குக் காதும் கேட்கிறது, புத்தியிலும் குறைவில்லை. அது கணக்குப் பார்க்கிறது. குசினி வாசலில் அதற்கு வேறு வேலை எதுவும் இல்லாதபடியால், ஒரு விசுக்கோத்துக்காகப் பின்புறத்தைத் தரையில் வைப்பது அங்கே இலாபமான வியாபாரம். ஒழுங்கையிலோ நேற்றிரவு எந்த நாய் எந்த வேலிக் கதியாலடியில் நின்று போனது என்பது முதல், மதவடியில் யாரோ கொட்டிய மீன் செதில் வரை, அது வாசித்து முடிக்க வேண்டிய செய்திகள் ஆயிரம் இருக்கின்றன. அவ்வளவையும் விட்டுவிட்டு வருவதற்கு மாவும் சீனியும் சேர்ந்த ஒரு வட்டத் துண்டு போதிய கூலி அல்ல.

கடினமான வேலைக்குக் கூடிய கூலி என்பதே இதன் அடிப்படை. பாண் துண்டும் விசுக்கோத்தும் வீட்டுக்குள் தெரிந்த வேலைக்கு மட்டும் போதும். முற்றத்தில் பழக்கும்போது அவித்த முட்டை அல்லது தேங்காய்ச் சொட்டு. ஒழுங்கையில் உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழி இறைச்சி, முள் நீக்கிய சூடை மீன், நெத்தலிக் கருவாடு. துண்டு பயறளவு இருந்தால் போதும்; மென்று முடிக்க நேரம் எடுக்கும் பெரிய துண்டைக் கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்பதை மறந்து துண்டிலேயே மூழ்கிவிடும். கூப்பிட்டவுடன் ஓடிவந்தால் ஒரு கைப்பிடியை அள்ளிக் கொடுத்தாலும் தகும்.

இன்னுமொன்று. குசினியில் படித்த "இரு" என்பதை ஒழுங்கையிலும் அதே "இரு"வாக நாய் எடுத்துக்கொள்வதில்லை. இடம் மாறினால் பாடமும் புதிதாகிவிடுகிறது. குசினி, விறாந்தை, முற்றம், படலையின் உட்புறம், படலையின் வெளிப்புறம் என்று ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து தொடங்கியே ஆகவேண்டும்.

9 ஒக்டோபர் 2023

நெத்தலிக் கருவாடு என்று எழுதிவிட்டுப் படுத்த பிறகே உப்பு நினைவுக்கு வந்தது. கருவாட்டை அப்படியே கொடுக்க வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றி, அவித்து வடித்த பிறகே கொடுக்கலாம். அவ்வளவு பாடுபட வேண்டுமென்றால் பச்சைச் சூடையை அவிப்பது சுலபம்.

கோழி என்று நான் எழுதியது கறியிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டை அல்ல. நம்முடைய கறியில், சொதியில், சம்பலில், வறையில் வெங்காயம் விழாத ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அவித்தாலும் பொரித்தாலும் அந்தக் குணம் போகாது, குழம்பில் ஊறிய இறைச்சியிலும் அது இருக்கும். பாதிப்பு அன்றைக்கே தெரியாமல் சில நாட்கள் கழித்துச் சோர்வாகவும் வெளிறிய பல் முரசாகவும் வெளிப்படக்கூடும் என்பதால், காரணம் எதுவென்று வீட்டுக்காரர் கண்டுபிடிப்பதும் கடினம். அவித்த கோழி எலும்பு கூராகப் பிளக்கும், அதுவும் கூடாது. சொக்கலேற் கூடாது. சைலிற்றோல் சேர்த்த சீனியில்லாச் சுவிங்கம் மிகச் சிறிய அளவிலேயே ஆபத்தானது.

11 ஒக்டோபர் 2023

முதல் நாள் நான் தந்த வரிசையை ஒரு தொடக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது என் தலையில் இருந்த வரிசை. உங்கள் நாயின் வரிசையை அதனிடமே கேட்க வேண்டும்.

நான் கேட்ட முறை இது. இரண்டு வகை உணவில் ஒரே அளவான துண்டுகளை ஓரடி இடைவெளியில் தரையில் வைத்து, நாயை நடுவிலிருந்து விட்டு, எதை முதலில் எடுக்கிறது என்று குறித்தேன். இடத்தை மாற்றி மாற்றிப் பத்துத் தடவை செய்தேன். இடம் மாற்றுவது முக்கியம்; சில நாய்கள் எது இருந்தாலும் வலப்பக்கமே போகும், என்னுடைய பிறவுணியும் அந்தச் சாதிதான். கோழி முதலாவதாக வரும் என்று எண்ணியிருந்தேன். சூடை முதலாவது, தேங்காய்ச் சொட்டு இரண்டாவது, கோழி மூன்றாவது. தேங்காய் ஏன் கோழியை வென்றது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒவ்வொரு நாளும் விடிய அம்மா திருவலையில் இருந்து தேங்காய் துருவும்போது, பக்கத்தில் படுத்திருக்கும் பிறவுணிக்கு ஒரு சொட்டு போய்ச் சேர்கிறது. எனவே அதற்குத் தேங்காய் என்றால் தேங்காய் மட்டும் அல்ல; விடியற்காலை, அம்மா, அடுப்படியின் சூடு எல்லாம் சேர்ந்த ஒன்று.

இதில் ஒரு பொறி உண்டு. 1928இல் ரிங்கிள்போ என்ற அமெரிக்க ஆய்வாளர், குரங்கு பார்த்துக்கொண்டிருக்க ஒரு கிண்ணத்தின் கீழே வாழைப்பழத்தை மறைத்து வைத்தார். பிறகு அதற்குத் தெரியாமல் பழத்தை எடுத்துவிட்டு இலைக்கோசை வைத்தார். வேறு வேளைகளில் இலைக்கோசை நன்றாகவே தின்னும் குரங்கு, அன்றைக்குக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்து, பழத்தைத் தேடி, இலைக்கோசைத் தொடாமலே விட்டுப் போனது. ஒரே பயிற்சியில் முதல் ஐந்து தடவை சூடையும் ஆறாவது தடவை விசுக்கோத்தும் கொடுப்பவர் இந்தக் கிண்ணத்தைத்தான் தன் நாய்க்கு நீட்டுகிறார். பிறவுணி விசுக்கோத்தை வாயில் வாங்கி, என்னைப் பார்த்தபடியே நிலத்தில் வைத்தது. மனிதர் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் கோபம் வந்திருக்கும்.

15 ஒக்டோபர் 2023

"ஒரு கைப்பிடியை அள்ளிக் கொடுத்தாலும் தகும்" என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். 2018இல் வெளிவந்த ஸ்ரெபானி றீமர் குழுவினரின் ஆய்வில், நாய்கள் தரம் கூடிய உணவை நோக்கி வேகமாக ஓடின. அதே உணவின் எண்ணிக்கையைக் கூட்டியபோது வேகம் அப்படிக் கூடவில்லை. ஐந்து துண்டு பாணைவிட ஒரு துண்டு மீன் மேல். கைப்பிடிக் கணக்கில் கொடுப்பது நமது தாராள மனத்துக்குத்தான் திருப்தி தரும்.

உடல் எடையின் கணக்கும் இதோடு சேர்ந்தது. பிறவுணி 15 கிலோ. கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு அந்த எடையில் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 850 கிலோகலோரி போதும். பரிசுத் தீனி இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மிருக வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை, ஆக 85. மாரி விசுக்கோத்து என்றால் மூன்றோடு அந்த எல்லை முடிந்துவிடும். தேங்காய் என்றால் 24 கிராம், அதாவது கொழுப்பே பெரும்பங்கான இரண்டு மூன்று சொட்டு. தோல் நீக்கி அவித்த கோழி நெஞ்சிறைச்சி என்றால் 50 கிராம். அதை ஒரு கிராம் துண்டுகளாக நறுக்கினால் ஐம்பது தடவை பரிசளிக்கலாம். மூன்று தடவைக்கும் ஐம்பது தடவைக்கும் இடையில் ஒரு நாய் எவ்வளவு படிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்களுடையது வளரும் குட்டி என்பதால் அதன் தேவை சற்றுக் கூடும், விகிதம் அதேதான்.

15 ஒக்டோபர் 2023, சற்றுப் பின்னர்

மேலுள்ள கணக்கை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் குடுக்கிறது பரிசு இல்லை, அது சாப்பாடு" என்றார். எனவே எங்கள் வீட்டில் எல்லை 85 அல்ல.

22 ஒக்டோபர் 2023

அடியாத மாட்டைப் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஐயாமார்களோடு வாதாடும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் அடித்துப் பழக்கிய ஒரு நாயை நானே வளர்த்திருக்கிறேன் என்பதால் எழுதத்தான் வேண்டும்.

பிறவுணிக்கு முன் எங்களிடம் ரைகர் என்றொரு நாய் இருந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ரைகர் அயல் வளவுக் கோழிகளைத் துரத்திவிட்டு வரும். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், வரும், வந்ததும் பூவரசங் கம்பால் இரண்டு போடுவேன். கோழி துரத்தியதற்காக அடித்தேன் என்பது என் எண்ணம். ரைகருக்கு அந்த நேரத்தில் கோழி பத்து நிமிடம் பழைய கதை. அது கடைசியாகச் செய்த காரியம், நான் கூப்பிட்டதும் என்னிடம் வந்தது. ஆகவே எதற்கு அடி விழுந்தது? வந்ததற்கு. இரண்டு மாதத்தில் அது கூப்பிட்டால் வராத நாயாகவும், கம்பைக் கண்டால் சிறுநீர் விடும் நாயாகவும் ஆனது. கோழி துரத்துவதை நிறுத்தவில்லை. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத் துரத்தப் பழகிக்கொண்டது. அடி எதையும் கற்பிக்காது என்று சொல்ல வரவில்லை. அது நிறையக் கற்பிக்கும். நாம் கற்பிக்க நினைத்ததை மட்டும்தான் விட்டுவிடும்.

ஆராய்ச்சியாளர் ஒருவரே இந்த விடயத்தில் தன் சொல்லை மாற்றியது எனக்குப் பிடித்த கதை. தோண்டைக் என்பவர் 1898இல், பசித்த பூனையைப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே மீனை வைத்து, எப்படித் திறக்கக் கற்றுக்கொள்கிறது என்று பார்த்தார். திருப்தி தந்த செயல் பலப்படும், துன்பம் தந்த செயல் தளரும் என்று முதலில் இரண்டையும் சமமாக வைத்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், மேலும் சோதனைகள் செய்தபோது, திருப்தி செயலைப் பலப்படுத்துவது போலத் தண்டனை அதைத் தளர்த்துவதில்லை என்று கண்டு, சட்டத்தின் இரண்டாம் பாதியைத் தானே பலவீனப்படுத்திக்கொண்டார்.

23 ஒக்டோபர் 2023

"அப்படியென்றால் இது கைலஞ்சம்தானே" என்று கேட்டவருக்கு: வேலைக்கு முன் காட்டினால் லஞ்சம், பின் கொடுத்தால் சம்பளம். கேள்வி கேட்டவரும் "விசுக்கோத்தைக் காட்டி" என்றுதான் எழுதியிருக்கிறார். நான் அதை முதல் நாள் கவனிக்காமல் விட்டேன். புதிய பாடத்தில் முதல் நாலைந்து தடவை உணவால் மூக்கை வழிநடத்துவது குற்றமில்லை. அதன் பிறகு கை வெறுமையாக இருக்க வேண்டும். உணவு சட்டைப்பையிலோ மதிலின் மேலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாய் படிப்பது "இரு" என்ற சொல்லை அல்ல, "கையில் இருக்கிறதா" என்று பார்ப்பதை.

உணவு தூரத்தில் இருந்தால் கொடுக்கத் தாமதமாகுமே என்பது நியாயமான கேள்வி. தாமதம் ஒரு விநாடியைத் தாண்டினாலே நாய் அதற்குள் வேறு ஏதாவது செய்துவிடும். இடையே ஒரு பாலம் வேண்டும்: சரியாகச் செய்த கணத்தில் ஒரு குறுகிய ஒலி, பிறகு உணவு. ஸ்கின்னர் என்ற உளவியலாளரிடம் படித்த பிறீலண்ட் தம்பதியர் 1940களிலேயே இந்த ஒலியைப் பயன்படுத்தினர். இப்போது அதற்கென்றே கையடக்கக் கருவி விற்கிறார்கள். நான் அமத்தும் பேனையின் "டிக்" ஒலியைப் பயன்படுத்துகிறேன். முதலில் டிக், உடனே துண்டு என்று இருபது முப்பது தடவை செய்தால் ஒலிக்கே பெறுமதி வந்துவிடும். ஒரு குறை: வங்கிப் படிவம் நிரப்ப உட்கார்ந்தால் பிறவுணி வந்து முன்னால் நிற்கும்.

30 ஒக்டோபர் 2023

பழங்களைப் பற்றி ஒருவர் கேட்டிருப்பதால், இதை உரக்கவே எழுத வேண்டியிருக்கிறது. முந்திரிகைப்பழம் (திராட்சை) கூடவே கூடாது. காய்ந்த முந்திரிகை வற்றலும் கூடாது.

எங்கள் பக்கத்துக் காணியில் முந்திரிகைப் பந்தல் இருக்கிறது. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் உள்ளவர்களுக்கு இது புதுமையில்லை. சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த என் மருமகன், அக்காவின் பிள்ளை, ஒன்பது வயது, நான் பிறவுணிக்குத் துண்டு துண்டாகக் கொடுத்துப் பழக்குவதைப் பார்த்துவிட்டு, தானும் "கை தா" பழக்கத் தொடங்கினான். அவன் கையில் இருந்த பரிசு ஒரு குலை முந்திரிகை. நான் காணும்போது ஆறோ ஏழோ போய்விட்டது. இது நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது; எத்தனை பழத்தில் எந்த நாய்க்கு நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத வகையைச் சேர்ந்தது. முச்சக்கர வண்டி பிடித்து அரை மணி நேரத்துக்குள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வாந்தி எடுக்கவைத்தார், பிறகு சேலைன், மூன்று நாள் கழித்து இரத்தப் பரிசோதனை. தப்பியது. பிள்ளையை யாரும் ஏசவில்லை. அவன் செய்தது எல்லாம் நான் செய்து காட்டியதுதான். எது பரிசாகலாம் என்ற ஒன்றை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது குசினிக் கதவில், கொடுக்கலாம் என்று ஒரு தாளும் கூடாது என்று ஒரு தாளும் ஒட்டியிருக்கிறது. பப்பாசி, தர்ப்பூசணி (இரண்டும் விதை நீக்கி), வாழைப்பழம் சிறு துண்டு: இவை முதல் தாளில் உள்ளன.

5 நவம்பர் 2023

இதுவரை எழுதியதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்ததைக் கேள்வி கேட்டவரே கண்டுபிடித்துவிட்டார். அவருடைய நாய் இப்போது ஒழுங்கையில் கோழித் துண்டுக்கு வருகிறதாம். துண்டை வாங்கிக்கொண்டு, பிடிக்க எட்டும் கைக்குத் தப்பி, மீண்டும் ஓடிவிடுகிறதாம். "கூலியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகிறான்" என்கிறார்.

மழை விட்டிருந்த நேற்றுப் பின்னேரம் பிறவுணியோடு ஒழுங்கையில் நின்று இதையே யோசித்தேன். நானும் அவரும் நாய்க்கு என்ன கொடுப்பது என்று ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அது ஒழுங்கையில் விரும்புவது என்ன என்பதை நாங்கள் முதல் நாளே எழுதிவிட்டோம்: கதியாலடி மணம். அதைப் போட்டியாளராகவே பார்த்தோம். அதையே கூலியாகக் கொடுக்கலாம் என்பது எழுதியவனுக்குத் தோன்றவில்லை.

பிறேமக் என்ற உளவியலாளர் 1959இல் இதை ஒரு விதியாகச் சொன்னார்: ஓர் உயிர் தானாக அதிகம் செய்ய விரும்பும் செயலை, அது குறைவாகச் செய்ய விரும்பும் செயலுக்குப் பரிசாக வைக்கலாம். எங்கள் அம்மாமார் அவருக்கு முன்பே இதை அறிந்திருந்தார்கள். படித்து முடித்தால்தான் பந்தடிக்கப் போகலாம். நாய்க்குச் செய்வது இப்படி. நீண்ட கயிற்றில் கொண்டு போங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்தால் பேனை டிக், ஒரு துண்டு, உடனே "போ" என்று அதே கதியாலடிக்குத் திருப்பி அனுப்புங்கள். கழுத்துப் பட்டியைத் தொட்டு, துண்டு கொடுத்து, பிடிக்காமல் விடுங்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திரும்பவும் போகலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

இதுவரை நடந்தது என்ன? கூப்பிட்டால் சங்கிலி, சங்கிலிக்குப் பின் வளவு, வளவுக்குப் பின் படலை பூட்டு. கோழித் துண்டின் பின்னால் ஒளிந்திருந்த அந்தச் சங்கிலியை அது சரியாகவே கணக்கிட்டிருக்கிறது. ரைகரின் பூவரசங் கம்பும் உங்கள் சங்கிலியும் ஒரே இடத்தில்தான் விழுகின்றன என்று எழுதினால் கோபிப்பீர்களோ தெரியாது. அடிப்பதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டே நானும் ஒவ்வொரு பின்னேரமும் பிறவுணியை "வா" என்று கூப்பிட்டுத்தான் கட்டி வந்தேன்.

7 நவம்பர் 2023

படலையிலும் அதே விதி. படலை திறப்பதே பரிசு. வேறு துண்டு தேவையில்லை. நாய் நாலு காலும் நிலத்தில் நிற்கும்போது கொழுகியை எடுங்கள். பாய்ந்தால் கொழுகி திரும்பவும் விழும். பிறவுணிக்கு மூன்று நாள் ஆனது. முதல் நாள் நானும் அதுவும் படலையடியில் இருபது நிமிடம் நின்றோம், வெளியே போன சைக்கிள்காரர் ஒருவர் திறப்புத் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

13 நவம்பர் 2023

நேற்றுத் தீபாவளி வெடி. மாலை ஆறரைக்குப் பிறகு பிறவுணி கட்டிலின் கீழ் போனது. சூடையை நீட்டினால் மூக்கை மறுபக்கம் திருப்பியது. ஒழுங்கையில் உணவை மறுப்பதையும் பயத்தில் மறுப்பதையும் ஒன்றாக எண்ண வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். முதலாவதில் அதற்கு அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. இரண்டாவதில் உடல் உணவை ஏற்கும் நிலையிலேயே இல்லை. அந்த வேளையில் இன்னும் நல்ல பரிசைத் தேடுவது வீண். கதவை அடைத்து, வானொலியைச் சத்தமாக வைத்து, பக்கத்தில் இருந்தேன். பயந்த நாயைத் தடவினால் பயம் பழக்கமாகிவிடும் என்று எனக்கு ஒருவர் முன்பு சொல்லி, நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், அது பிழை. நாய் விரும்பிச் செய்யும் வேலை அல்லவே பயம், கூலி கொடுத்து வளர்ப்பதற்கு.

தைப்பொங்கலுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. கைத்தொலைபேசியில் வெடிச்சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் வைத்து, சத்தம் வந்தவுடன் சூடை என்று பழக்கப் போகிறேன். உணவை மறுத்தால் ஒலி கூடிவிட்டது என்று பொருள். இந்த வேலையில் உணவு வெப்பமானியாகவும் பயன்படுகிறது.

26 நவம்பர் 2023

"என்னுடைய நாய்க்குச் சாப்பாடே வேண்டாம், 'நல்ல பிள்ளை' என்று சொன்னாலே போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் பெயர்பெற்ற ஓர் ஆய்வில், தடவுபவரையும் வாயால் மட்டும் புகழ்பவரையும் ஒரே அறையில் இருத்திப் பார்த்தபோது, நாய்கள் தடவுபவர் பக்கமே நின்றன. பொருள் தரும் எதனோடும் இணையாத வெறும் புகழ்ச்சியை அவை ஏறக்குறைய கவனிக்கவே இல்லை. ஃபோயர்பாக்கர், வின் ஆகிய இருவரின் ஆய்வு அது. தடவுவதிலும் நாம் விரும்பும் தடவலும் நாய் விரும்பும் தடவலும் வேறு. உச்சந்தலையில் தட்டினால் பிறவுணி கண்ணைச் சுருக்கித் தலையைத் தாழ்த்தும்; நெஞ்சில் சொறிந்தால் கையை எடுத்தவுடன் முன்னங்காலால் கையை இழுக்கும். கையை எடுத்துப் பார்ப்பதே சோதனை: திரும்பக் கேட்டால் பரிசு, விலகிப் போனால் அது நாம் நமக்குக் கொடுத்துக்கொண்ட பரிசு.

வீட்டில் இரண்டு நாய் வைத்திருப்பவருக்கு ஒரு தகவல். வியன்னாவில் றேஞ்ச் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு நாய்களும் கை தர, ஒன்றுக்கு மட்டும் உணவு கிடைத்தபோது, கிடைக்காத நாய் விரைவிலேயே கை தர மறுத்தது. ஒன்றுக்குச் சொசேஜும் மற்றதற்குப் பாணும் கொடுத்தபோது அப்படி மறுக்கவில்லை. எனவே இளையவனுக்கு மீனும் மூத்தவனுக்குப் பாணும் கொடுக்கலாம். ஒருவனை வெறுங்கையோடு விடுவதுதான் ஆகாது.

10 டிசெம்பர் 2023

எப்போது உணவைக் குறைப்பது என்ற கேள்விக்கு விடை எங்கள் குசினியிலேயே இருக்கிறது. அம்மா மீன் வெட்டும்போது பிறவுணி ஓரடி தள்ளிப் படுத்துக் காத்திருக்கும். ஒருநாள் தலை கிடைக்கும், இரண்டு நாள் ஒன்றும் கிடைக்காது, மூன்றாம் நாள் குடல் கிடைக்கும். அம்மா இதைத் திட்டமிடவில்லை. ஆனால் எப்போது விழும் என்று தெரியாத பரிசு செயலை மிக உறுதியாகப் பிடித்து வைத்திருக்கும் என்று ஸ்கின்னர் புறாக்களிடம் கண்டதை அவர் மீன் தலையில் செய்துவருகிறார். ஆறு ஆண்டுகளில் பிறவுணி ஒரு நாளும் தவறவில்லை. மீன் இல்லாத வெள்ளிக்கிழமையும் வந்து படுத்துப் பார்க்கும்.

எனவே வேலை தெரியும்வரை ஒவ்வொரு தடவையும் கொடுங்கள். தெரிந்த பிறகு இரண்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று, சில வேளை தொடர்ந்து இரண்டு என்று ஒழுங்கில்லாமல் கொடுங்கள். "வா" என்பதற்கு மட்டும் நான் இன்னும் குறைக்கவில்லை. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் வரும் வேகத்தைப் பார்த்தால் குறைக்கும் துணிவும் வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன் பழக்குங்கள் என்பதையும் எங்கேயோ எழுதியிருக்க வேண்டும். வயிறு நிறைந்த நாயிடம் சூடைக்கும் விலையில்லை. பட்டினி போட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை.

30 டிசெம்பர் 2023

கேள்வி கேட்டவர் புதிய முறைப்பாட்டோடு வந்திருக்கிறார். நாய் இப்போது கூப்பிட்டால் வருகிறது, பட்டியைத் தொட விடுகிறது, சங்கிலிக்கும் சண்டையில்லை. ஆனால் அவரோடு ஒட்டி நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று பத்தடி விலகிப் போய், திரும்பி நின்று, கூப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறதாம். கூப்பிட்டால் ஓடிவந்து துண்டுக்கு வாயைத் திறக்கிறதாம்.

விலகிப் போவதும் அந்த வேலையின் முதற் பாதி என்று அது முடிவு செய்துவிட்டது. பிறவுணியும் இதே முடிவுக்கு வந்திருந்தது. விலகிப் போனவுடன் கூப்பிட வேண்டாம். நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டிருங்கள்; அது தானாக உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நடக்கும் கணத்தில், ஒரு சொல்லும் சொல்லாமல் டிக், துண்டு. விலகாமல் நடந்ததற்கு இதுவரை நீங்கள் எதுவும் கொடுத்ததில்லை அல்லவா? ஒரு கிழமை செய்துவிட்டு எழுதுங்கள். பனங்கிழங்கு வரத் தொடங்கிவிட்டது. அவித்ததை நார் உரித்து நகத்தளவு கொடுத்துப் பார்த்தேன், பிறவுணியின் வரிசையில் அது கோழிக்கும் விசுக்கோத்துக்கும் நடுவில் நிற்கிறது.